பரிசில் முதல் டிப்ஸ் வரை

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் இருக்கிறது அதியமான்கோட்டை. அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் ஔவையும் நெல்லிக்கனியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இருவருக்கும் இடையே ஒரு மனத்தாங்கலும் நடந்திருக்கிறது. அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது, ஔவை அவனுடைய வாயில்காவலனிடம் கோபித்துக்கொண்டதைப் புறநானூற்றின் 206ஆம் பாட்டு சொல்கிறது. தொழில் தெரிந்தவருக்கு எங்கே போனாலும் சோறு கிடைக்கும், நான் கிளம்புகிறேன் என்பது ஔவையின் வாதம்.

வள்ளல் என்று பெயரெடுத்தவனிடமே பாக்கி!

பாடிய பாணரும் ஆடிய விறலியரும் அன்று இப்படித்தான் பிழைத்தார்கள். ஓர் அரசன் தராவிட்டால் இன்னோர் அரசனிடம் போகலாம். அந்தச் சுதந்திரம் இருந்தது. ஆனால் கூலி என்றால் கேட்டு வாங்கலாம், பரிசில் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு. இராசராசன் சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 ஆடல் மகளிரைக் கொண்டுவந்து தளிச்சேரியில் குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்களுடைய பெயர்களும் கல்வெட்டில் இருக்கின்றன. ஒருவர் இறந்தால் அவருடைய பங்கு தகுதியுள்ள உறவினருக்குப் போகும். எழுதிவைத்த ஊதியம் என்றால் இதுதான். ஆனால் குடியிருக்கும் ஊரை முடிவு செய்தது அரசன்.

ஆக, ஒரு பக்கம் சுதந்திரம், ஒரு பக்கம் நிச்சயமான வருமானம். இந்த இழுபறி இன்றைக்கும் தீரவில்லை.

மும்பை டான்ஸ் பார்களையே எடுத்துக்கொள்வோம். அங்கு ஆடிய பெண்களில் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது. வாடிக்கையாளர் தரும் பணம்தான் வருமானம், அதிலும் பார் முதலாளிக்குப் பங்கு. 2005இல் மகாராஷ்டிர அரசு இந்த நடனத்தைத் தடை செய்தது. மூன்று நட்சத்திர ஓட்டல்களுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் மட்டும் விலக்கு! சுமார் 75,000 பெண்கள் வேலை இழந்ததாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. பார் முதலாளிகளோடு நடனப் பெண்களின் சங்கமும் வழக்காடியது. 2006இல் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. 2013இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

2016இல் அரசு புதிய சட்டம் கொண்டுவந்தது. ஆடும் பெண்களோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் போட வேண்டும், மாதச் சம்பளத்தை வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று நிபந்தனைகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2019 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்கையும் ஏற்றுக்கொண்டு, மாதச் சம்பளக் கட்டாயத்தை மட்டும் நீக்கியது. ஒரு நடனக்காரர் பல இடங்களில் ஆட விரும்பலாம் அல்லவா? பணத்தை வீசக்கூடாது, டிப்ஸ் தரலாம் என்றும் சொன்னது.

இந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது இதுதான். எங்கே ஆடுவது என்பது அவர் விருப்பம். ஆனால் பேசிய தொகைக்கு எழுத்தில் சாட்சி இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதே சுதந்திரத்தை முதலாளிகள் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்தினார்கள். நடன விடுதிப் பெண்களை 'இண்டிபெண்டன்ட் காண்டிராக்டர்', அதாவது சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்று எழுதிவிட்டால் குறைந்தபட்சக் கூலி தர வேண்டியதில்லை. பல விடுதிகளில் மேடை ஏறுவதற்கு அந்தப் பெண்தான் விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும்! 2018இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், டைனமெக்ஸ் என்ற டெலிவரி கம்பெனியின் வழக்கில் கடுமையான ஒரு சோதனையை வகுத்தது. ஒருவர் செய்வது அந்த நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்கு வெளியே இல்லையென்றால், அவரைக் காண்டிராக்டர் என்று சொல்ல முடியாது. நடன விடுதியில் நடனம்தானே தொழில்? 2023இல் நார்த் ஹாலிவுட்டின் ஸ்டார் கார்டன் விடுதிப் பெண்கள் நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியில் சேர்ந்தார்கள்.

நம் ஊர்த் திருவிழாவுக்கு வரும் கரகாட்டக்காரர்களும் ஆடல் பாடல் குழுப் பெண்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். விழாக் கமிட்டி குழுத் தலைவரிடம் அட்வான்ஸ் கொடுக்கும். ஆடிய பெண்ணின் கைக்கு எவ்வளவு வரும், எப்போது வரும் என்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். தமிழக அரசு 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியம் அமைத்தது நல்ல தொடக்கம். ஆனால் விடிய விடிய ஆடியவர் மறுநாள் காலையில் கூலிக்காகக் காத்து நிற்பதற்கு அது மட்டும் போதாது.

ஔவை கோபித்துக்கொண்டு கிளம்ப முடிந்தது, அவர் பாட்டும் நிலைத்தது. கிளம்ப பஸ் காசுகூட இல்லாதவருக்கு? தொகை, தேதி, கையெழுத்து உள்ள ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டும்.