புத்தூர் கட்டும் டப்ளின் டாக்டரும்

சென்னையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் 'புத்தூர் கட்டு' என்று ஒரு போர்டு இருக்கும். நம்மில் பலர் இது திருச்சிப் புத்தூர் என்றே நினைத்திருக்கிறோம். இல்லீங்க, ரேணிகுண்டா ரயில் பாதையில் திருத்தணிக்கு அப்பால் வரும் புத்தூர். 1960ல் திருத்தணி நம்மிடம் வந்தது, புத்தூர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலேயே தங்கிவிட்டது. 2022ல் புதிதாகப் பிரித்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது.

பக்கத்து ஈஸ்வராபுரத்தில் 1881ல் கேசவ ராஜு என்பவர் இந்த வைத்தியத்தைத் தொடங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வேட்டையில் கால் ஒடிந்த முயலுக்குப் பச்சிலை வைத்துக் கட்டியதில் ஆரம்பித்ததாம். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பத்தை, அவ்வளவுதான். விலகாத முறிவை அசையாமல் வைத்தால் எலும்பு தானே கூடிவிடும். கட்டின் பலம் அதுதான்.

ஏறக்குறைய அதே நேரம் டப்ளினில் எட்வர்டு ஹாலரன் பென்னட் என்ற அறுவை சிகிச்சைப் பேராசிரியர் வேறொன்றைக் கவனித்தார். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய மூட்டில் ஏற்படும் முறிவு அது. 1882ல் எழுதி வெளியிட்டார். இன்றும் அது 'பென்னட் முறிவு'தான். அப்போது எக்ஸ்ரே கிடையாது. 1895ல்தான் ரான்ட்ஜன் தன் மனைவியின் கையைப் படம் பிடித்தார்.

இந்த முறிவில் என்ன விசேஷம்? எலும்பின் ஒரு சின்னத் துண்டு தசைநாரோடு பழைய இடத்திலேயே நின்றுவிடும். மீதி எலும்பைத் தசை இழுத்து மூட்டிலிருந்து விலக்கிவிடும். இழுத்துப் பொருத்தினாலும் கையை விட்டதும் பழையபடி நழுவும். வெளிக்கட்டு மட்டும் பல நேரம் போதாது.

மோதிர விரல், சுண்டு விரல் அடியிலும் இதே கதை. கோபத்தில் சுவரைக் குத்துவது, பைக்கிலிருந்து விழுவது போன்றவைதான் காரணம். புறங்கை வீங்கிவிடுவதால் விலகல் வெளியே தெரியாது, 'சுளுக்கு' என்று விட்டுவிடுவார்கள். நேர் எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைத்துவிடும். பக்கவாட்டிலும் சாய்வாகவும் படம் எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேன். விலகியிருந்தால் மயக்க மருந்து கொடுத்து, விரலை இழுத்துப் பொருத்தி, மெல்லிய கம்பி செருகி, சுமார் நான்கு முதல் ஆறு வாரம் வைப்பார்கள். கவனிக்காமல் விட்டால் பிடி தளரும், பிறகு மூட்டு தேய்ந்து வலிக்கும். பேனா பிடிக்கவும் சாவி திருப்பவும் கஷ்டம்.

கட்டை நான் குறை சொல்லவில்லை. இருப்பு பார்க்காமல் செக் பாஸ் பண்ணக்கூடாது என்பது எங்கள் தொழில் விதி. எலும்புக்கும் அதேதான், முதலில் படம், பிறகு கட்டு. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்ட் எலும்பு மருத்துவமனை இருக்கிறது. சித்தூருக்குப் பக்கத்தில் வேலூர் சிஎம்சி. 1940களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கிய இடம் அது.

அடுத்த முறை ஊரிலிருந்து போனில் "கையில லேசா அடி, கட்டு போட்டாச்சு, நீ கவலைப்படாதே" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எக்ஸ்ரே எடுத்தீங்களா?"