வான்கோழியும் பந்திப் பங்கும்

மூதுரையில் மயிலைப் பார்த்துத் தன் சிறகை விரித்தாடும் வான்கோழியை நாம் பள்ளியிலேயே அறிவோம். ஆயின் அப்பறவை மெக்சிகோவில் வளர்ப்புக்கு வந்தது. ஐரோப்பியர் அதைக் கண்டதே 16ஆம் நூற்றாண்டில்தான். 1612இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீரின் அவைக்கு ஒன்று வந்தது. அவர் வியந்து எழுதினார், மன்சூர் ஓவியமாக வரைந்தார். எனில் ஔவையின் அப்பாடல் பிற்காலத்தது. அல்லது அச்சொல் முன்பு வேறொரு பறவையைக் குறித்தது. ஆடும் சித்திரத்தை நோக்க, நாம் முன்னதன் பக்கமே சாய்கிறோம்.

பாட்டில் ஏளனத்துக்குள்ளான அப்பறவைக்கு ஆங்கிலோ இந்தியரின் கிறிஸ்துமஸ் விருந்தில் நடுமேசை கிடைத்தது. முடிச்சூரில் அண்டை வீட்டாரின் அத்தகைய விருந்தொன்றில் நாம் அமர்ந்திருந்தோம். முழுதாகச் சுட்ட வான்கோழியை அரைமணி நேரம் எவரும் தொடவில்லை. உடனே அறுத்தால் சாறெல்லாம் தட்டில் வடிந்துவிடுமாம். பிறகு வீட்டுப் பெரியவர் கத்தியெடுத்தார். முதலில் தொடையை மூட்டோடு பிரித்தார். நெஞ்சுக்கறியை எலும்பையொட்டி இறக்கி, நாருக்குக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக்கினார். எது வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டே பரிமாறினார்.

நம் வீடுகளில் கோழி துண்டான பின்னரே சட்டிக்குள் போகும். எந்தத் துண்டு யாருக்கு என்பதை அகப்பை ஓசையின்றித் தீர்த்துவிடும். தொடை ஆண்களுக்கு, ஈரல் பிள்ளைகளுக்கு. அம்மாவுக்குக் கழுத்தும் குழம்பும். அதை நாம் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று அப்பெரியவர் முதல் தட்டைச் சமைத்த பாட்டியின் முன் வைத்தார்.