இறங்காத விதையும் இறங்கி வந்த வயதும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி இலத்தூர் வீட்டுக்குக் கைக்குழந்தையோடு வந்தாள். ஐந்து மாதப் பையன். ஒரு பக்கம் விதை இறங்கவில்லை. "வயசுக்கு வந்தா தானா இறங்கிரும்னு ஆச்சி சொல்றாக. நெசமா சார்?" என்றாள். ஆச்சியைக் குறை சொல்லாதே, ஒரு காலத்தில் டாக்டர்களே பொறுத்திருக்கத்தான் சொன்னார்கள் என்றேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். வகுப்பில் இந்தப் பாடத்தைக் கூச்சப்பட்டு வேகமாக ஓட்டியவன் நான். அந்தக் கடனும் இருக்கிறது.

கருவில் விதைகள் உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பைக்குள் இறங்குவது ஏழாம் மாதத்தை ஒட்டித்தான். (யானைக்கு ஆயுசுக்கும் வயிற்றுக்குள்ளேயே இருக்கும், அதற்கு ஒரு குறையும் இல்லை! மனிதனுக்கோ உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக வேண்டும்.) லண்டனில் கருக்களை அறுத்துப் பார்த்து இதை விளக்கியவர் ஜான் ஹன்டர். 1762-இல் அண்ணன் வில்லியமின் நூலில் அது வெளியானது. விதையைக் கீழே வழிநடத்தும் நாருக்கு 'குபெர்னாகுலம்' என்று பெயரிட்டார். லத்தீனில் அது கப்பலின் சுக்கான்.

1877-இல் எடின்பரோவில் தாமஸ் அனன்டேல், இடம் மாறி நின்ற விதையை ஒரு சிறுவனின் பையில் வைத்துத் தைத்தார். 1899-இல் சிகாகோவின் ஆர்தர் பீவன் அறுவை முறையைச் சீராக்கினார். ஆனால் எந்த வயதில் செய்வது? பருவம் வருமுன் போதும் என்றார்கள். பிறகு பள்ளிக்கூட வயது, பிறகு இரண்டு வயது என்று இறங்கி, இப்போது 6 முதல் 18 மாதத்துக்குள் என்கிறார்கள்.

இறக்கியது நுண்ணோக்கிதான். பிறந்த சில மாதங்களில் ஆண் குழந்தைக்கு ஹார்மோன் ஒருமுறை பொங்கி அடங்கும். குட்டிப் பருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் கருக்காலத்து ஆதி செல்கள், பின்னாளில் விந்தணு தரும் மூலச் செல்களாக மாறுகின்றன. இறங்காத விதையில் இந்த மாற்றம் தடைபடுகிறது. வருஷம் போகப்போக செல்களும் குறைகின்றன. 2007-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், மூன்று வயதில் அறுவை செய்ததைவிட ஒன்பது மாதத்தில் செய்த விதைகள் நன்றாக வளர்ந்திருந்தன.

ஆச்சி சொன்னதில் பாதி சரி. தானாக இறங்குவதும் உண்டு, ஆனால் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். அதற்குமேல் காத்திருப்பதில் பலனில்லை.

அடுத்த மாதம் தென்காசி அரசு மருத்துவமனையில் குழந்தை டாக்டரிடம் காட்டப் போகிறாள். ஆச்சியும் கூடப் போகிறார்களாம்.