செய்தி இணையதளம்: பக்கம் வாசகரைச் சேரும் வழி

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நாளிதழ் மதுரையில் அச்சாகித்தான் வந்துசேரும். சி. பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி பிறகு ஊர் ஊராக அச்சகம் வைத்தது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் அடித்து அனுப்பினால் பொழுது விடிவதற்குள் சேராது. அரை நூற்றாண்டு கழித்து இணையதளங்களும் இதே வழிக்குத்தான் வந்தன.

இந்தியாவில் முதலில் இணையமேறிய நாளிதழ் தி இந்து (1995). தமிழ் இதழ்கள் பின்தொடர்ந்தபோது எழுத்தே முட்டுக்கட்டையானது. இதழுக்கு இதழ் தனி எழுத்துரு; அது இல்லாத பிரௌசிங் சென்டர் கணினியில் தலைப்புச் செய்தி வெறும் கிறுக்கலாகத் தெரியும். சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் டாம், டாப் குறியாக்கங்கள் உருவாயின. நிலைத்தது யூனிகோடு, தமிழக அரசும் 2010-இல் அதை ஏற்றது. ‘அருப்புக்கோட்டை’ என்ற பெயருக்கு பழைய டிஸ்கி குறியாக்கத்தில் 11 பைட், யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் 45. ஆனால் தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே, இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. அதனால், அனுப்புமுன் பக்கத்தைச் சுருக்கும் ஜிசிப் முறை அதை நன்றாகவே சுருக்கிவிடும். பைட் கணக்கை மட்டும் காட்டி யூனிகோடைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஊர் ஊராக அச்சகம் வைத்ததுபோல, பக்கத்தின் நகல்களை வாசகருக்கு அருகிலுள்ள சர்வர்களில் வைக்கும் முறையை, 1998-இல் டாம் லெய்டனும் டேனியல் லெவினும் தொடங்கிய அகமாய் நிறுவனம் பரப்பியது. 2001 செப்டம்பர் 11 அன்று கூட்டம் தாங்காமல் செய்தித்தளங்கள் திணறின. சிஎன்என் படங்களை எடுத்துவிட்டு வெறும் எழுத்தாகப் பக்கத்தைத் தந்தது. அன்று உலக வர்த்தக மையத்தில் மோதிய முதல் விமானத்தில் லெவின் இறந்தார். 2006-இல் நார்வேயின் வெர்டன்ஸ் காங் நாளிதழுக்காக உருவான, பக்க நகல்களைச் சேமித்துத் தரும் வார்னிஷ் மென்பொருள், 12 சர்வர்கள் பார்த்த வேலையை மூன்றில் முடித்தது.

தேர்தல் முடிவு நாளில்தான் இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை. முடிவுப் பக்கத்தின் நகலுக்குச் சில நொடிகளே ஆயுள். அது காலாவதியாகும் கணத்தில் ஆயிரக்கணக்கானோர் அதே பக்கத்தைக் கேட்டால், பக்கத்தைத் தயாரிக்கும் மூல சர்வர் படுத்துவிடும். ஆகவே ஒரு கோரிக்கையை மட்டும் மூலத்துக்கு அனுப்பி, மற்றவற்றை வாசலில் நிறுத்திவைக்கிறார்கள். வந்த விடையை எல்லோருக்கும் பங்கிடுகிறார்கள்.

2016-இல் ஜியோ வந்தபின் கரிசல்காட்டு ஊர்களிலும் செய்தி கைபேசிக்கு மாறியது. சிக்னல் மங்கிய இடத்தில் பக்கம் இழுத்துக்கொண்டு திறப்பதற்குப் பெரும்பாலும் விளம்பர நிரல்களே காரணம். செய்தியின் ஒரே நகல் எல்லோருக்கும் போதும். விளம்பர இடமோ வாசகருக்கு வாசகர் தனித்தனியே ஏலம் விடப்படுகிறது.