நினைவகத்தின் கதை



பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் பக்கம் போனவர்கள் அங்கே வரிசையாக நிற்கும் தொழிற்சாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க நிறுவனமான இன்டெல், கடல் கடந்து அமைத்த தன் முதல் தொழிற்சாலையை 1972இல் அங்கேதான் தொடங்கியது. அக்காலத்தில் அந்நிறுவனத்துக்குப் பெயர் தேடித் தந்தவை கணினியின் நினைவகச் சில்லுகள். 1970இல் அது வெளியிட்ட 1103 என்ற சில்லில் 1024 பிட்டுகள்தாம் அடங்கும். ஆங்கில எழுத்தில் சொன்னால் வெறும் 128 எழுத்து!

இவ்வளவு அருமையான இடத்தை எப்படிப் பங்கிடுவது? நம் நாடு விடுதலை பெற்ற 1957இல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில், எவ்வளவு இடம் வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். நூறு பேருக்குப் பந்தி போட்டுப் பத்துப் பேர் வந்தால் மீதி வீண். நூற்றொருவர் வந்தால் ஒருவருக்கு இலை இல்லை.

1972 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 'சி' மொழியை உருவாக்கினார். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'மாலாக்', 'ஃப்ரீ' என்ற இரண்டும் இருந்தன. முன்னது, வேண்டும்போது இடம் கேட்பது. பின்னது, வேலை முடிந்ததும் திருப்பித் தருவது.

இதை நம் தோட்டத்து லயத்தை வைத்தே விளக்கலாம். மாலாக் என்பது கிராணி. குடும்பம் வந்தால் பேரேட்டைப் பார்த்துக் காலி வீட்டின் சாவியைக் கொடுப்பார். கைவசம் வீடு இல்லையென்றால் மேலிடத்தைக் கேட்பார். அங்கிருந்து புதிய லயமே கிடைக்கும். அந்த மேலிடந்தான் இயக்க அமைப்பு. காலி செய்தவர் சாவியைத் தராவிட்டால் வீடு பூட்டியே கிடக்கும். இதைத்தான் நினைவகக் கசிவு என்கிறார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐந்து வீடுகள் காலியாக இருந்தாலும், அடுத்தடுத்து ஐந்து வேண்டுமென்று கேட்பவருக்கு அவை உதவா. இதற்குப் பெயர் துண்டாடல். அதனால், பக்கத்துப் பக்கத்துக் காலியிடங்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கெழுதும் வழியையும் கண்டார்கள்.

நிரல் முடிந்ததும் இயக்க அமைப்பு அதன் இடம் முழுவதையும் மீட்டுக்கொள்ளும். இயந்திரத்துக்கு இது நல்ல சட்டம். ஆனால் துண்டாடல் என்ற சொல்லை நம் பெரியவர்கள் வேறு விதமாக அறிவார்கள். 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, வேலை போன குடும்பங்களுக்கு வீடும் போயிற்று. அந்த வேதனையிலிருந்துதான் 1960இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளரின் சிறுசேமிப்பே தோட்டங்களை வாங்கியது.

பெற்றோர்களே, இடத்தைப் பங்கிடும் பேரேட்டை நாமே எழுதக் கற்றால்தான் நம் கணக்கு நம் கையில் இருக்கும். கணினியின் பேரேட்டை எழுத உங்கள் பிள்ளைகள் கற்கட்டும்.