சட்டம் எப்போதும் பின்னால்தான் வருகிறது

கல்முனையிலிருந்து தெற்கே காரைதீவுக்கு வந்து, அங்கிருந்து மேற்கே சம்மாந்துறை வீதியில் திரும்பினால் வயல்வெளிகளை அண்டியதாக வீரமுனை வரும். சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலால் பெயர்பெற்ற பழந்தமிழ்க் கிராமம். 1990 ஆகஸ்டில் அவ்வூர் கண்ட படுகொலையையும் இடப்பெயர்வையும் பற்றி எழுதுவதற்காக முன்னர் பலமுறை அங்கு சென்றிருக்கிறேன். 2023ஆம் ஆண்டின் இறுதியில் சென்றபோது கேட்க நேர்ந்தது வேறொரு இழப்பின் கதை.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். மகன் கட்டாரிலிருந்து வீடு கட்ட அனுப்பிய பணத்தில் 4 இலட்சம் ரூபாவை ஒரு கையடக்கத் தொலைபேசிச் செயலியில் ‘முதலீடு’ செய்திருந்தார். முதல் இரண்டு மாதங்கள் இலாபம் வந்தது. மூன்றாம் மாதம் செயலி திறக்கவில்லை. வங்கியில் வைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

“வெளியாள் கேட்டிருந்தா குடுத்திரிக்க மாட்டன் தம்பி. கேட்டது எங்கட புள்ள தானே” என்றார். பணத்தைச் சேர்க்கச் சொன்னவர் அவருடைய தங்கையின் மகன். அவரும் தன் பணத்தை இழந்திருந்தார்.

ஊர் திரும்பும் வழியில் அந்த ஒரு வசனமே மனதில் நின்றது. வங்கி மோசடிகளையும் நிதிக் கம்பனிகளின் வீழ்ச்சிகளையும் பற்றிப் பத்திரிகைகளில் நீண்டகாலம் எழுதியவன் நான். ஒவ்வொரு முறையும் “சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும்” என்றே கட்டுரையை முடித்திருக்கிறேன். இலங்கையின் வங்கி வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், அந்த முடிவுரை எவ்வளவு குறைபாடுடையது என்பது புலனாகும்.

1884 மே மாதத்தில், கோப்பிச் செய்கையின் அழிவோடு ஓரியன்டல் வங்கி முறிந்தது. அது மோசடியால் நேர்ந்ததன்று. எனினும் அவ்வங்கியின் தாள்கள் மக்கள் கைகளில் வெறும் காகிதமாகும் நிலை வந்தபோது, ஆளுநர் சேர் ஆதர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்க உத்தரவாதம் வழங்க நேர்ந்தது. நாணயத்தாள் வெளியிடும் பொறுப்பை அரசாங்கம் தானே ஏற்றது அதற்குப் பின்னர்தான்.

அடுத்த பாடம் 1925இல் வந்தது. அக்காலத்தில் ஆங்கிலேயரின் வங்கிகள் உள்ளூர் வியாபாரிகளுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பது அரிது. அவை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குக் கொடுத்தன. செட்டியார்கள் ஊராருக்குக் கொடுத்தார்கள். வங்கியில் உத்தரவாதம் அளித்து நின்ற சிறாப்பரின் சொல்லும், கடன் பெறுபவரின் கையெழுத்துமே பெரும்பாலும் பிணையாக இருந்தன. 1925இல் பெரிய செட்டியார் நிறுவனமொன்று வீழ்ந்ததும் வங்கிகள் அஞ்சிக் கையை இறுக்கிக்கொண்டன. தவறு செய்தவர் ஒருவர். கடன் இன்றித் தவித்தவர்களோ ஒழுங்காகத் திருப்பிச் செலுத்திவந்த நூற்றுக்கணக்கான வியாபாரிகள். சேர் சொராப்ஜி பொச்கானாவாலாவின் தலைமையில் 1934இல் வங்கி ஆணைக்குழு அமைக்கப்பட்டு, 1939 ஆகஸ்ட் 1ஆம் திகதி இலங்கை வங்கி திறக்கப்படும் வரை அந்த வெற்றிடம் நிரம்பவில்லை.

மோசடியைத் தடுப்பதிலுள்ள முதலாவது சிக்கல் இதுதான். கதவை அகலத் திறந்தால் கள்வன் நுழைவான். இறுக மூடினால் நேர்மையானவன் வெளியே நிற்பான். வெளியே நிற்பவன், பிறகு எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதற்குள்தான் செல்வான்.

சுதந்திரத்திற்குப் பின்னரும் வரலாறு இதே ஒழுங்கில் நடந்தது. 1979இல் நிதிக் கம்பனிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. எண்பதுகளில் பல கம்பனிகள் முறிந்தன. 1988இல் புதிய சட்டம் வந்தது. 2002 ஒக்டோபரில் பிரமுக்க வங்கி மூடப்பட்டது. 2008இல் இரண்டு இடிகள் விழுந்தன. ஆங்கிலம் கற்பித்துப் புகழ்பெற்ற சக்வித்தி ரணசிங்க, மக்களிடம் வைப்புகளைத் திரட்டிவிட்டுத் தலைமறைவாகி 2012இல்தான் கைதானார். ஆண்டின் இறுதியில் செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி வீழ்ந்தது. வைப்புப் பணம் ஏற்க உரிமம் பெறாத அந்தக் கம்பனியில் சுமார் 9,000 பேரின் ஏறத்தாழ 2,600 கோடி ரூபா முடங்கியது. வைப்புக் காப்புறுதித் திட்டம் 2010 ஒக்டோபரிலும், நிதித் தொழிற் சட்டம் 2011இலும் அதன் பின்னரே வந்தன.

அந்தக் காப்புறுதி நல்ல ஏற்பாடுதான். உரிமம் பெற்ற நிறுவனம் முறிந்தால், 2021 முதல் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் உரிமமற்ற இடத்தில் கொடுத்த பணத்திற்கு ஒரு சதமும் இல்லை. வீரமுனை அம்மா அதைக் கேள்விப்பட்டதே கிடையாது.

எங்கள் அம்பாறைக் கரையோரத்தின் பொருளாதாரம் நெடுங்காலமாக நம்பிக்கையில்தான் ஓடியது. அறுவடைக்குப் பின் தருவதாகச் சொல்லி விதைநெல் வாங்குவார்கள். பெண்கள் சீட்டுப் பிடிப்பார்கள். அவசரத்திற்கு நகையை ஈடு வைப்பார்கள். யுத்த காலத்தில் வளைகுடாப் பணம் உண்டியல் வழியாக வீட்டு வாசலுக்கே வந்தது. வட்டியை விலக்கிய முஸ்லிம் குடும்பங்கள் பல, வங்கிகளை விட்டு இலாபப் பங்கீடு என்று சொல்லப்பட்ட இடங்களையே நாடின. வட்டியில்லா வங்கி முறைக்கு 2005இல்தான் சட்டம் இடமளித்தது. சீட்டு பெரும்பாலும் ஏமாற்றாததற்குக் காரணம், சீட்டுக்காரியின் வீட்டையும் குடும்பத்தையும் எல்லோரும் அறிந்திருந்தார்கள் என்பதே. இன்றைய செயலி அதே நம்பிக்கையை, அந்த அறிமுகம் இல்லாமல், இரவல் வாங்கிக்கொள்கிறது.

எம்.ரி.எப்.ஈ. என்ற செயலி 2023 ஆகஸ்டில் பல நாடுகளில் ஒரே நேரத்தில் வீழ்ந்தது. இலங்கை மத்திய வங்கி அதனைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி, அத்தகைய திட்டத்தை நடத்துவது மட்டுமன்றி ஊக்குவிப்பதும் குற்றமாகும். சட்டம் சரியானதே. ஆனால் அதன்படி வீரமுனை அம்மாவின் தங்கை மகனும் குற்றவாளி. “பொலிசுக்குப் போனா அவனத் தானே புடிப்பாங்க?” என்று கேட்டார் அவர். முறைப்பாடு இல்லை. முறைப்பாடு இல்லாத இடத்தில் விசாரணையும் இல்லை. அடுத்த ஊருக்கு எச்சரிக்கையும் இல்லை. பாதிக்கப்பட்டவரையே பங்காளியாக்கி வாயடைக்கும் இந்த வித்தைக்கு எந்த ஆணைக்குழுவும் இன்னும் மருந்து காணவில்லை.

ஒரு மோசடி நிறுத்தப்பட்ட கதையையும் சொல்ல வேண்டும். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிக்குள் புகுந்த கள்வர்கள், நியூயோர்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை எடுக்கக் கட்டளைகள் அனுப்பினர். 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போய்ச் சூதாட்ட விடுதிகளில் மறைந்தது. 2 கோடி டொலர் கொழும்பிலுள்ள ஒரு வங்கிக்கு, ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரில் வந்தது. இச்சிறிய நாட்டில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு இவ்வளவு பெரிய தொகையா என்று அவ்வங்கியின் ஊழியர் ஒருவர் ஐயுற்றார். இடைநின்ற ஜெர்மன் வங்கியிடம் விசாரித்தபோது, நிறுவனத்தின் பெயரில் எழுத்துப் பிழை இருப்பதும் கண்டறியப்பட்டது. பணம் திரும்பியது. கோடிக்கணக்கில் செலவிட்டு அமைத்த பாதுகாப்பு முறைகள் கடந்துவிட்ட இடத்தில், ஒரு மனிதரின் கேள்வி தடுத்து நிறுத்தியது.

மோசடியை முற்றாக ஒழிக்கும் சட்டம் வரப்போவதில்லை. நேற்றைய வாசலை மட்டுமே சட்டத்தால் பூட்ட முடியும். இன்றைய வாசலில் நிற்பவர் நாமும் நமது உறவினரும்தான். ஆகவே பணம் கேட்பவர் நம்மவரா என்பதோடு நின்றுவிடாமல், அவர் நமது பணத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறார், அந்த இடம் மத்திய வங்கியின் உரிமப் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பது உறவை அவமதிப்பதாகாது. கேட்டிருந்தால் அந்தப் பையனும் தப்பியிருப்பான்.

விடைபெறும்போது அந்த அம்மா தமது தொலைபேசியை என்னிடம் காட்டினார். செயலி செத்துப்போன பின்னரும் அதனை அழிக்கவில்லை. கடைசியாகத் தெரிந்த மீதியை மருமகன் படம் பிடித்து வைத்துக் கொடுத்திருந்தான். “இது காசு தானே தம்பி, எப்பயாவது வருமா?” என்று கேட்டார். இத்தனை ஆண்டு பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற எதுவும் அப்போது எனக்குக் கைகொடுக்கவில்லை.