மாமாவின் கிட்டார் ஏன் பெயர்ந்தது?

கல்லூரி இரண்டாம் ஆண்டு. ராத்திரி இரண்டு மணி இருக்கும். பலகை பிளந்த மாதிரி ஒரு சத்தம், கூடவே கம்பிகள் எல்லாம் ஒன்றாக முனகும் ஓசை. விளக்கைப் போட்டுப் பார்த்தால், சுவரில் சாய்த்து வைத்திருந்த கிட்டாரின் பிரிட்ஜ் மேல்பலகையிலிருந்து பெயர்ந்து, பலகையின் மரத்தூளையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு, ஆறு கம்பியிலும் தொங்குகிறது. அது என் கிட்டார் இல்லை. மாமா தன் முதல் சம்பளத்தில் வாங்கியது. "பத்திரமா வச்சுக்கடா" என்று சொல்லிக் கொடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். அதில் இருந்த நைலான் கம்பிகளின் சத்தம் எனக்கு மந்தமாகப் பட்டது. பாட்டுகளில் கேட்கிற அந்தப் பளிச்சென்ற ஒலி வரவில்லையே என்று கடைக்குப் போய், "கிட்டார் கம்பி ஒரு செட்" என்று கேட்டு வாங்கி வந்து மாட்டினேன். ஸ்டீல் கம்பி. இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் மேலே சொன்ன சத்தம்.

மாமா பெரிதாகத் திட்டவில்லை. "அது தாங்காதுடா" என்று மட்டும் சொன்னார். ஏன் தாங்காது? இரண்டும் கிட்டார்தானே, இரண்டுக்கும் ஆறு கம்பிதானே, சுருதியும் ஒன்றுதானே? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல வருஷங்களாக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. சாதாரண நைலான் செட் ஒன்றைச் சுருதி சேர்த்தால், ஆறு கம்பியும் சேர்ந்து பிரிட்ஜை இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய 40 கிலோ. ஸ்டீலில் 'லைட்' என்று விற்கும் செட், அதாவது முதல் கம்பி 0.012 அங்குலம் தடிமன் உள்ளது, ஏறக்குறைய 72 கிலோ இழுக்கும். 'மீடியம்' செட் 80 கிலோவைத் தாண்டும். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஒரு மூட்டைக்கும் குறைவாகத் தாங்கச் செய்த பெட்டியில் நான் ஒன்றரை மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதுவும் ராப்பகலாக.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நூறு வருஷக் கதை இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் கிட்டார் என்றால் குடல் நரம்புதான். ஆட்டுக்குடலைச் சுத்தம் செய்து, முறுக்கி, காயவைத்துச் செய்வது. கீழ்ஸ்தாயிக் கம்பிகளுக்குப் பட்டு நூலின் மேல் உலோக இழை சுற்றுவார்கள். (தமிழில் யாழின் தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். சொல் மட்டும் சங்கப் பாடல்களில் அப்படியே நிற்கிறது.) ஸ்பெயினில் அந்தோனியோ தே தோரஸ் மேல்பலகைக்கு உள்ளே விசிறி மாதிரி மெல்லிய சட்டங்களை ஒட்டி, இன்று நாம் கிளாசிகல் கிட்டார் என்று சொல்வதன் வடிவத்தை நிலைநிறுத்தினார். மாமாவின் கிட்டார் அந்த வம்சம்.

அதற்கும் முன்னால், 1833இல் ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷன் ஊரிலிருந்து கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் என்ற தச்சர் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். சில வருஷங்களில் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தார். 1840களில் அவரும், அவரைப் போல அமெரிக்காவுக்கு வந்த வேறு சில ஜெர்மன் கைவினைஞர்களும் மேல்பலகைக்கு அடியில் இரண்டு சட்டங்களைப் பெருக்கல் குறி போலக் குறுக்கே போட ஆரம்பித்தார்கள். இதுதான் எக்ஸ் பிரேசிங். இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், அதைப் போட்டபோது அவர்கள் மனதில் ஸ்டீல் கம்பியே இல்லை. குடல் நரம்புக்காகத்தான் போட்டார்கள். எண்பது வருஷம் கழித்து ஸ்டீல் வந்தபோது, அந்த இழுப்பைத் தாங்குவதற்கென்றே யோசித்துச் செய்தது மாதிரி அது பொருந்திப்போனது.

ஸ்டீல் எதற்காக வந்தது? சத்தத்துக்காக. பான்ஜோவும் மாண்டலினும் ஃபிடிலும் வாசிக்கும் கூட்டத்தில் குடல் நரம்புக் கிட்டார் காதில் விழாது. மைக் கிடையாது. மலிவு விலைக் கிட்டார்களில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஸ்டீல் புகுந்துவிட்டது. ஆனால் பெரிய கம்பெனிகளைத் தள்ளிவிட்டது ஹவாய். அங்கே கிட்டாரை மடியில் படுக்கப்போட்டு, கம்பிமேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கி வாசித்தார்கள். ஜோசப் கெகுகு என்பவரின் பெயரைத்தான் இதற்குப் பெரும்பாலும் சொல்கிறார்கள். அப்படி வாசிக்கக் கம்பி ஸ்டீலாக இருக்க வேண்டும், உயரமாகவும் இருக்க வேண்டும். சாதாரண கிட்டாரின் நட் மேல் ஓர் உலோகத் துண்டைக் கவிழ்த்துக் கம்பியை உயர்த்திவிடுவார்கள். சின்ன சாமான்தான், கிட்டாரே வேறு கருவியாகிவிடும். 1915இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க இந்த மோகம் பிடித்துக்கொண்டது. அலை கல்கத்தா வரைக்கும் வந்தது. ஹவாயைச் சேர்ந்த தாவ் மோ குடும்பம் 1940களில் அங்கே பல வருஷம் தங்கி வாசித்தது. சரி, அது தனிப் பதிவு.

மார்ட்டின் கம்பெனி தயங்கித் தயங்கித்தான் இறங்கியது. 1922இல் 2-17 என்ற எளிய மாடலை ஸ்டீல் கம்பிக்கென்றே செய்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலான மாடல்களும் ஸ்டீலுக்கு மாறிவிட்டன. 1929இல் பெர்ரி பெக்டெல் என்ற பான்ஜோ கலைஞருக்காக உடலுக்கு வெளியே 14 ஃப்ரெட் வரும் ஓ.எம். மாடல். 1931இல் தங்கள் பெயரிலேயே ட்ரெட்நாட். 1906இல் பிரிட்டன் மிதக்கவிட்ட போர்க்கப்பலின் பெயர் அது. இன்று நம் ஊர்க் கடைகளில் தொங்கும் ஸ்டீல் கம்பிக் கிட்டார்களில் முக்கால்வாசி இந்தக் கப்பலின் பேரப்பிள்ளைகள்தான்.

இனிமேல்தான் தகராறு. கம்பி தடிமனானால், அதே சுருதிக்கு இன்னும் இழுத்துக் கட்ட வேண்டும். இழுப்பு கூடினால் பலகையை ஆட்டும் விசை கூடும், சத்தம் கூடும். வாசிப்பவர் சந்தோஷப்படுவார். ஆனால் பலகை மெல்லிதாக இருந்தால்தான் ஆடும், கனமாக இருந்தால்தான் உடையாமல் இருக்கும். 1930களின் மார்ட்டின்களில் உள்சட்டங்களை நடுவில் குடைந்து மெலிதாக்கியிருப்பார்கள். ஸ்காலப் என்பார்கள். அந்தக் கிட்டார்களின் கீழ்ஸ்தாயி நெஞ்சில் வந்து இடிக்கும் என்று வாசித்தவர்கள் சொல்கிறார்கள். வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? இன்னும் தடித்த கம்பியைப் போட்டார்கள். பலகை வீங்கியது, பிரிட்ஜ் தூக்கிக்கொண்டது, கிட்டார் நாசரேத்துக்கே பழுதுபார்க்கத் திரும்பி வந்தது. கம்பெனி 1944 கடைசியில் சட்டங்களைக் குடைவதையே நிறுத்திவிட்டது. 1960களின் இறுதியில் பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் சின்ன மேப்பிள் பட்டையையும் பெரிய ரோஸ்வுட் பட்டையாக மாற்றினார்கள். கிட்டார் உறுதியானது. குரல் இறுகியது.

நான் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கில் விற்பவன், அதில் யார் என்ன கம்பி மாட்டுவார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வான்? என்னைப் போல ஒருவன் எங்கேயோ இருக்கிறான் என்று நினைத்துத்தான் பலகையைத் தடிமனாக்க வேண்டியிருக்கிறது. அதாவது, ஒழுங்காகப் பார்த்துக்கொள்பவனும் என் மாதிரி ஆளுக்காகக் கொஞ்சம் குரலை இழக்கிறான். பழைய ஒலியைத் தேடி ஆட்கள் போருக்கு முந்தைய மார்ட்டின்களைத் துரத்த ஆரம்பித்தார்கள். 1976இல் கம்பெனியே எச்டி-28 என்று குடைந்த சட்டங்களோடு மறுபடி கொண்டுவந்தது.

(இடையில் இன்னொன்று. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது சிரமமானதும், 1969 வாக்கில் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். வீட்டுக் கட்டிலில் பார்த்த மரம் டி-28இன் முதுகாகப் போய் உட்கார்ந்திருக்கிறது.)

இதே காலத்தில் குடல் நரம்பு தன் வழியில் செத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போரில் நல்ல குடல் நரம்பெல்லாம் அறுவைசிகிச்சைத் தையலுக்குப் போனது. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கைவினைஞர் டுபாண்ட் கம்பெனியின் நைலான் இழையை எடுத்துக் கம்பியாக்கிப் பார்த்தார். கம்பியில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். போர் முடிந்த சில ஆண்டுகளில் கிளாசிகல் கிட்டார் என்றாலே நைலான் என்றாகிவிட்டது. இழுப்பு குடலுக்குக் கிட்டத்தட்ட சமம் என்பதால் பெட்டியை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. மாமாவின் கிட்டாருக்குள் தோரஸின் மெல்லிய சட்டங்களே இருந்ததற்குக் காரணம் இதுதான்.

நான் கவனிக்காமல் விட்ட தடயமும் ஒன்று உண்டு. ஸ்டீல் கம்பியின் நுனியில் ஒரு சின்னப் பித்தளைக் குண்டு இருந்தது. ஸ்டீல் கிட்டாரில் அந்தக் குண்டு பிரிட்ஜின் துளை வழியே பெட்டிக்குள் இறங்கி, அடிப்பட்டையில் முட்டி நிற்கும், மேலே ஒரு பின் அதை நகராமல் பிடிக்கும். இழுப்பை மரம் தாங்குகிறது. கிளாசிகலில் கம்பியைப் பிரிட்ஜிலேயே முடிச்சுப் போடுவோம், மொத்த இழுப்பும் பசையின் மேல். கழுத்துக்குள் இரும்புக் கம்பியும் கிடையாது. ஸ்டீல் கிட்டாரில், திருகிச் சரிசெய்யும் அந்தக் கம்பிக்கு கிப்சன் கம்பெனியின் தாடியஸ் மெக்ஹ்யூ 1923லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். குண்டைப் பார்த்ததும் 'முடிச்சு மிச்சம்' என்று சந்தோஷப்பட்டேன். மடையன்.

அப்படியென்றால் ஒலியை மாற்ற ஆசைப்பட்டால் என்னதான் செய்வது? ஸ்டீல் கிட்டாராக இருந்தால், சுற்றுக்கம்பியின் உலோகத்தை மாற்றிப் பாருங்கள். '80/20' என்பது எண்பது பங்கு செம்பு, இருபது பங்கு துத்தநாகம். பெயர் வெண்கலம், உண்மையில் பித்தளை. பளிச்சென்று இருக்கும், நம் ஊர் வியர்வையில் சீக்கிரம் செத்துப்போகும். பாஸ்பர் பிரான்ஸ் 1974இல் டடாரியோ கம்பெனி கொண்டுவந்தது, செம்பும் தகரமும் சேர்ந்தது. கொஞ்சம் கதகதப்பு, கொஞ்சம் ஆயுள். அடுத்தது சேடில், அதாவது வீணைக்காரர்கள் குதிரை என்று சொல்கிற இடத்தில் கம்பி உட்காரும் துண்டு. பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு, அடிப்பாகம் இடைவெளியில்லாமல் உட்காரும்படி தேய்த்த எலும்புத் துண்டைப் போட்டால் வித்தியாசம் தெரியும். பாதி வித்தியாசம் எலும்பால், பாதி அந்தத் தேய்ப்பால் என்பது என் அனுபவம். பின்களை மாற்றுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பித்தளைப் பின் போட்டு உருகுகிறவர்கள் உண்டு, என் காதுக்கு எட்டவில்லை.

சாமான் சேர்த்தால் ஒலி கூடும் என்பதும் கிடையாது. கிப்சன் 1950களின் நடுவில் இரண்டு திருகாணியோடு உயர்த்தி இறக்கும் சேடில் கொண்டுவந்தது. 1960களில் அது பீங்கானானது, சில மாடல்களில் பிரிட்ஜே பிளாஸ்டிக். வசதிதான். ஆனால் அந்தக் கிட்டார்களை இன்று வாங்குகிற பலர் முதல் வேலையாக அதைக் கழற்றிவிட்டு, ரோஸ்வுட் பிரிட்ஜும் எலும்பும் வைக்கிறார்கள்.

மாமாவின் கிட்டார் ஒன்பது வருஷம் பரணில் கிடந்தது. போன வருஷம்தான் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பெயர்ந்த இடத்தில் மரம் ஒட்டி, பிரிட்ஜைப் பழைய தடத்திலேயே உட்கார வைத்து, இரண்டு நாள் கவ்வியில் இறுக்கி வைத்தார். "என்ன கம்பி போடுறீங்க தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையையே ஆரம்பித்தார். நைலான், அதிலும் இழுப்புக் குறைந்த செட். சேடிலை மட்டும் எலும்பாக மாற்றினோம்.

மாமாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு முதலில் பிரிட்ஜின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம் கீயைத் திருகிக்கொண்டே, "மூணாவது கம்பி இன்னும் இறங்குது, ரெண்டு நாள் ஆகும் நிக்கிறதுக்கு" என்றார்.